கசிவை அளக்கத் தெரியுமா? உறுப்புச் சிப் ஆய்வகத்தில் வேலை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பயோடெக் முடித்துவிட்டு “செல் கல்ச்சர் தெரியும்” என்று விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சிப்பில் வளர்த்த குடல் திசு கசிகிறதா என்று அளந்து, வந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று காரணத்தோடு சொல்கிற ஆளைத்தான் ஆய்வகங்கள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஆளாக மாற விரும்புகிறவர்களுக்கு.

உறுப்புச் சிப் என்பது கட்டைவிரல் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர் துண்டு. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நுண்கால்வாய்கள். நடுவே துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. சவ்வின் மேல்பக்கம் குடல் செல்கள், கீழ்ப்பக்கம் இரத்தக்குழாய் செல்கள் என்று வளர்த்து, இரு கால்வாய்களிலும் மீடியத்தை மெதுவாக ஓடவிடுவார்கள். ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டோங்-உன் ஹு, டொனால்ட் இங்பர் குழுவினர் 2010-இல் நுரையீரல் சிப்பை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டபோது இந்தத் துறை மீது உலகின் கவனம் திரும்பியது. 2012-இல் அங்கிருந்தே குடல் சிப் வந்தது.

இப்போது சட்டமும் கதவைத் திறந்திருக்கிறது. புதிய மருந்துகளை விலங்குகளில் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளைத் திருத்தி, உறுப்புச் சிப் போன்ற மாற்று முறைகளின் தரவை ஏற்க வழிசெய்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்தது.

சட்டம் இடம் கொடுத்துவிட்டது. மருந்து நிறுவனத்தின் முடிவு மட்டும் இன்னமும் ஓர் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. அந்த எண் எதனாலெல்லாம் ஆனது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த வேலையின் முதல் தகுதி.

அளப்பது எதை?

குடல், நுரையீரல், சிறுநீரகக் குழாய், மூளையின் இரத்தக்குழாய் எல்லாவற்றிலும் ஓர் அடுக்கு செல்கள் காவல் நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து செல்களை கிளாடின், ஆக்லூடின், இசட்.ஓ.-1 போன்ற புரதங்கள் இறுக்கித் தைத்து வைத்திருக்கின்றன. மருந்தோ நஞ்சோ மறுபக்கம் போக இரண்டு வழி உண்டு: செல்லுக்குள் புகுந்து போவது, செல்களுக்கு இடையிலான இடுக்கு வழியே போவது. நாம் அளப்பது பெரும்பாலும் அந்த இடுக்கு எவ்வளவு இறுக்கம் என்பதை.

அளவைக்கு இரு முறைகள். திசுவின் குறுக்கே சிறு மின்னோட்டம் செலுத்தி மின்தடையைப் பார்ப்பது ஒன்று. ஆய்வகத்தில் இதை ‘டீர்’ என்பார்கள். நிறமூட்டிய மூலக்கூறு ஒன்றை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது மற்றது. இது ஊடுருவல் சோதனை. முதலாவது சில நொடிகளில் முடியும், திசுவுக்கும் சேதமில்லை. இரண்டாவதற்கு மணிக்கணக்கு ஆகும். மின்முறைக்கு வயது அதிகம்: டென்மார்க்கின் ஹான்ஸ் உஸ்ஸிங், ஜெரானுடன் சேர்ந்து தவளைத் தோலின் குறுக்கே மின்னோட்டத்தை அளந்து 1951-இல் வெளியிட்டார். அவர் பெயரிலான கலன் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது.

டீர்: சூத்திரம் ஒரே வரி

சிப்புக்குப் போகும் முன் கிணறுகளில் துளைச்சவ்வு பொருத்திய சாதாரண டிரான்ஸ்வெல் தட்டில் கை பழக வேண்டும். கணக்கு இதுதான்: செல் உள்ள கிணற்றின் மின்தடையிலிருந்து, செல் இல்லாத வெறும் சவ்வின் மின்தடையைக் கழியுங்கள். மீதியைச் சவ்வின் பரப்பால் பெருக்குங்கள். 24 கிணறு தட்டில் சவ்வின் பரப்பு 0.33 செ.மீ². மீட்டர் 1,120 ஓம் காட்டுகிறது, வெறும் சவ்வு 120 ஓம் என்றால், 1,000 × 0.33 = 330 ஓம்·செ.மீ².

புதியவர்கள் வழக்கமாக இடறும் இடம், பெருக்குவதற்குப் பதில் வகுப்பது. பரப்பு கூடக்கூட மின்னோட்டத்துக்கு வழி அதிகம், தடை குறையும். அந்த வேறுபாட்டை நீக்கத்தான் பெருக்கல். அலகை ‘ஓம்·செ.மீ²’ என்று எழுதாமல் வெறும் ‘ஓம்’ என்று எழுதியிருந்தால், அனுபவசாலிகள் அந்த அறிக்கையை அதற்குமேல் படிக்க மாட்டார்கள்.

அளக்கும் கருவி நேரடி மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தாது. செலுத்தினால் மின்முனைகளில் அயனிகள் படிந்து அளவு நகரும், செல்லுக்கும் கேடு. ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் ஈவோம் கருவி 12.5 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் திசை மாறும் 10 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தைப் பயன்படுத்துகிறது.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம். மனிதச் சிறுகுடலின் தடுப்பு சுமார் 50 முதல் 100 ஓம்·செ.மீ² தான். குடல் ஆய்வில் வழக்கமான காக்கோ-2 செல்கள் தட்டில் வளரும்போது பல நூறைத் தாண்டும். மூளையின் இரத்தக்குழாய் வேறு ரகம்: குரோனும் ஓலெசனும் 1982-இல் தவளை மூளையில் அளந்தது சுமார் 1,900. குடல் சிப்பில் 1,500 வந்தால் கைதட்டுவதற்கு முன், இது குடல் மாதிரிதானா என்று கேட்க வேண்டும்.

சிப்புக்குள் போனதும் கணக்கு புரள்கிறது

டிரான்ஸ்வெல்லில் இரண்டு மின்முனைகளும் சவ்வுக்கு மேலும் கீழும் அகலமான திரவத்தில் நிற்கின்றன. சிப்பில் மின்னோட்டம் ஒல்லியான கால்வாய் வழியே நடந்து வந்துதான் திசுவைத் தொட முடியும். அந்த நடைக்கு என்ன விலை என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மீடியத்தின் மின்தடைத்திறன் சுமார் 65 ஓம்·செ.மீ என்று கொள்வோம். கால்வாய் 1 மி.மீ அகலம், 1 மி.மீ உயரம், மின்முனை 1 செ.மீ தொலைவில். 65 × 1 ÷ 0.01 = 6,500 ஓம். இது வெறும் திரவத்தின் தடை. திசுவின் தடுப்பு 100 ஓம்·செ.மீ², பரப்பு 0.17 செ.மீ² என்றால், திசுவின் பங்கு 100 ÷ 0.17, அதாவது சுமார் 590 ஓம். தேடிவந்த பொருளைவிட வழிச்செலவு பதினோரு மடங்கு.

இதோடு வெப்பநிலையைச் சேருங்கள். திரவம் ஒரு டிகிரி குளிர்ந்தால் அதன் தடை ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். 6,500-இல் 2 சதவீதம் 130 ஓம். அதை 0.17 ஆல் பெருக்கினால் 22 ஓம்·செ.மீ². இன்குபேட்டரிலிருந்து சிப்பை வெளியே எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று டிகிரி இறங்கினாலே, திசுவில் எதுவும் நடக்காமல், தடுப்பு 66 ஓம்·செ.மீ² ‘வலுப்பெற்றுவிடும்’. மருந்து வேலை செய்தது என்று ஒருவர் அதை வரைபடத்திலும் போட்டுவிடக்கூடும்.

வடிவமும் கணக்கைக் கெடுக்கும். நீளமான கால்வாயில் மின்னோட்டம் திசு முழுவதும் சமமாகப் பரவாது. மின்முனைக்கு அருகில் உள்ள பகுதி அதிகம் பேசும், தொலைவில் உள்ளது முணுமுணுக்கும். ஒரே செல்வகைக்கு டிரான்ஸ்வெல்லில் ஓர் எண், சிப்பில் முற்றிலும் வேறு எண் என்று வெளியான முரண்பாடுகளுக்கு இது பெரிய காரணம் என்று நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஓடைக் உள்ளிட்டோர், வீஸ் நிறுவனத்தாருடன் சேர்ந்து 2015-இல் கணித மாதிரி கொண்டு காட்டினார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: செல் மூடாத இடம் வெறும் 0.4 சதவீதம் இருந்தாலே டீர் சுமார் 80 சதவீதம் சரியலாம். வயலுக்கும் இதே கதைதான்: வரப்பு எவ்வளவு உயரம் என்பது பிறகு. ஒரு நண்டு வளை இருந்தால் வயலில் தண்ணீர் நிற்காது. ஆகவே டீர் விழுந்ததும் ‘திசு முழுக்கப் பலவீனம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓர் ஓரத்தில் செல் உரிந்திருக்கிறதா என்று முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள்.

இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறது:

- நான்கு மின்முனைகள். ஒரு ஜோடி மின்னோட்டம் செலுத்த, இன்னொரு ஜோடி மின்னழுத்தம் பார்க்க. மின்முனையின் சொந்தத் தடை கணக்கிலிருந்து விலகும்.
- சிப்பிலேயே பதித்த மின்முனைகள். கையால் செருகும் கம்பி ஒவ்வொரு முறையும் சற்று நகரும். பதித்தது நகராது. வீஸ் குழு 2017-இல் இப்படிப்பட்ட சிப்பை வெளியிட்டது.
- பல அதிர்வெண்களில் மின்மறுப்பு அளத்தல். உயர் அதிர்வெண்ணில் செல் சவ்வு மின்தேக்கியாக வழிவிட்டுவிடும், மிஞ்சுவது திரவத்தின் தடை மட்டும். தாழ் அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து வரும். கழித்தால் திசு. இதில் கூடுதல் லாபம் ஒன்று: மின்தேக்குத் திறனும் கிடைக்கும். செல் சவ்வுக்கு அது செ.மீ²-க்கு சுமார் 1 மைக்ரோஃபாரட். குடல் திசு மடிந்து விரல்போல் எழும்பினால் செல் சவ்வின் பரப்பு கூடி இந்த எண்ணும் ஏறும்.

ஒரு காலை நேர உரையாடல்

சென்னையில் ஓர் ஆய்வகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன், பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு அக்காவிடம் ஓடுகிறான்.

“அக்கா, ஏழாம் நம்பர் சிப்ல டீர் ஒரே ராத்திரியில டபுள் ஆயிடுச்சு!”

“சந்தோஷப்படாதே. முதல்ல குமிழ் இருக்கான்னு பாரு.”

“மேல் கால்வாய்ல ஒண்ணு இருக்குக்கா. சின்னதுதான்.”

“கால்வாயே ஒரு மில்லிமீட்டர்தான்டா. அதுல என்ன சின்னது? நோட்ல எழுது, போட்டோ எடு, அப்புறம் குமிழை வெளியேத்து. அரை மணி கழிச்சு மறுபடியும் அள. பழைய எண்ணை அடிச்சிடாதே, பக்கத்துலயே காரணத்த எழுதி வை.”

காற்றில் மின்சாரம் போகாது. குமிழ் கால்வாயை அடைத்தால் தடை ஏறும். திசு பலமானது போலத் தோன்றும். அடியில் செல்கள் வறண்டு செத்துக்கொண்டிருக்கும். மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, வெற்றிடத்தில் காற்று நீக்கிய பிறகே சிப்பில் விட வேண்டும் என்று ஒவ்வொரு ஆய்வகமும் வற்புறுத்துவது இதனால்தான்.

அக்கா சொன்னதில் கவனிக்க வேண்டியது கடைசி வாக்கியம். சந்தேகமான எண்ணை அழிக்காமல், காரணத்தோடு வைத்திருப்பது இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

சாயம் சொல்லும் சாட்சி

ஊடுருவல் சோதனையில் மூலக்கூறின் அளவைத் தேர்வதே முதல் முடிவு. லூசிஃபர் யெல்லோ அரை கிலோடால்டனுக்கும் குறைவு; சின்ன இடுக்கையும் காட்டிக்கொடுக்கும். எஃப்.ஐ.டி.சி. டெக்ஸ்ட்ரான் 4, 40, 70 கிலோடால்டன் எனப் பல அளவில் கிடைக்கும். சிறியதும் பெரியதும் சேர்த்து விட்டால், இடுக்கு சற்றுத் தளர்ந்ததா, திசுவே கிழிந்ததா என்று பிரித்தறியலாம்.

ஓடும் திரவத்தில் கணக்கு இப்படி: மறுபக்கம் வெளியேறும் திரவத்தில் சாயத்தின் செறிவு, விட்ட செறிவில் எத்தனை பங்கு என்பதை ஓட்ட வேகத்தால் பெருக்கி, திசுவின் பரப்பால் வகுக்க வேண்டும். மறுபக்கச் செறிவு குறைவாக இருக்கும்வரை இந்தச் சுருக்கம் செல்லும்; ஏறிவிட்டால் இரு கால்வாய்களின் வெளியேற்றத்தையும் சேர்க்கும் மடக்கைச் சூத்திரத்துக்குப் போக வேண்டும். மணிக்கு 60 மைக்ரோலிட்டர் ஓட்டம் என்றால் நொடிக்கு சுமார் 0.000017 செ.மீ³. மறுபக்கம் 1 சதவீதம் சாயம், பரப்பு 0.17 செ.மீ². விடை ஏறத்தாழ 1 × 10⁻⁶ செ.மீ/நொடி. இந்த ஒரு கணக்கைக் காகிதமில்லாமல் போடத் தெரிந்தவர், குழுக் கூட்டத்தில் யாராவது பத்து மடங்கு பிசகிய எண்ணைக் காட்டும்போது உடனே கை உயர்த்துவார்.

கை வேலையில் ஐந்து இடங்களில் விழிப்பு தேவை.

- குழாயின் கொள்ளளவு. உள்விட்டம் அரை மி.மீ, நீளம் 30 செ.மீ உள்ள குழாய் சுமார் 59 மைக்ரோலிட்டர் பிடிக்கும். மணிக்கு 60 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் சிப்பை விட்டு வெளிவந்த துளி உங்கள் சேகரிப்புக் குப்பிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு மருந்து கொடுத்து, பதினொன்றுக்கு எடுத்த மாதிரியில் மாற்றமில்லை என்று எழுதினால், நீங்கள் அளந்தது மருந்துக்கு முந்தைய திரவத்தை.
- உண்மையான ஓட்டம். பம்ப் திரையில் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். குப்பியை முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்.
- அழுத்த வேறுபாடு. ஒரு பக்க வெளியேற்றக் குழாய் மறுபக்கத்தைவிட உயரத்தில் இருந்தால், திரவமே சவ்வின் குறுக்கே தள்ளப்படும். அது கசிவு போலவே தெரியும்.
- சிலிக்கோன் ரப்பரின் பசி. பி.டி.எம்.எஸ். என்ற இந்த ரப்பர் எண்ணெய்த் தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும் என்று டொப்கேயும் பீபியும் 2006-இலேயே காட்டினார்கள். மருந்து மறுபக்கம் வரவில்லை என்றால் திசு தடுத்ததா, சிப் விழுங்கியதா? விட்டது எவ்வளவு, இரு பக்கமும் திரும்பி வந்தது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். கணிசமாகக் குறைந்தால், தடுப்பைப் பற்றிப் பேச உங்களிடம் எண் இல்லை.
- வெறும் சிப். செல் இல்லாத சிப்பிலும் அதே சாயத்தை ஓட்டுங்கள். சவ்வு மட்டுமே எவ்வளவு தடுக்கிறது என்று தெரியாமல் திசுவின் பங்கைப் பிரிக்க முடியாது.

இரண்டு சாட்சியும் முரண்பட்டால்

இங்கேதான் வேலை ருசிக்கத் தொடங்குகிறது. மின்னோட்டம் சின்னஞ்சிறு அயனிகளைப் பார்க்கிறது, சாயம் பெரிய மூலக்கூறைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

- டீர் விழுந்தது, சாயம் கசியவில்லை: அயனிகளுக்கு மட்டும் வழிவிடும் துளை திறந்திருக்கலாம். கிளாடின்-2 இதற்குப் பெயர் பெற்றது. எம்.டி.சி.கே. என்ற சிறுநீரகச் செல்களில் முதல் ரகம் ஆயிரக்கணக்கில் காட்டும், இரண்டாம் ரகம் நூறுக்கு அருகில் நிற்கும். முக்கிய வேறுபாடு அந்தப் புரதம்தான். மின்முனைக் கோளாறையும் சரிபாருங்கள்.
- டீர் அப்படியே, சாயம் கசிகிறது: மின்முனை எட்டாத மூலையில் செல் உரிந்திருக்கலாம். அழுத்த வேறுபாடு இருக்கலாம். டெக்ஸ்ட்ரானிலிருந்து பிரிந்த தனிச் சாயம் நழுவியிருக்கலாம்.
- இரண்டும் கெட்டது: உண்மையான சேதம் என்று எடுத்துக்கொள்ளலாம். நுண்ணோக்கிப் படமும் இசட்.ஓ.-1 சாயமேற்றலும் சேர்த்து உறுதி செய்யுங்கள்.
- டீர் திடீரென ஏறியது: குமிழ், குளிர், அழுக்கேறிய மின்முனை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளர்ந்த செல்கள். இந்த வரிசையில் தேடுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் தடுப்பை வேண்டுமென்றே உடைக்கும் சிப் ஒன்று இருக்க வேண்டும். இ.ஜி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, செல் இணைப்புகள் தளர்ந்து டீர் சரியும். அந்தச் சிப்பிலும் டீர் அசையவில்லை என்றால், மற்ற சிப்களில் ‘மருந்தால் பாதிப்பில்லை’ என்று வந்த முடிவுக்கும் மதிப்பில்லை.

அளக்கும் நாளின் ஒழுங்கு

1. முந்தைய நாளே மீடியத்தைத் தயாரித்து, எந்தப் பாட்ச் என்று குறியுங்கள். சீரம் மாறினால் எண் மாறும்.
2. தெரிந்த மதிப்புள்ள மின்தடை ஒன்றை மீட்டரில் சொருகிச் சரிபாருங்கள். கருவியோடு வரும் சோதனைத் தடையே போதும்.
3. ஒவ்வொரு சிப்பையும் நுண்ணோக்கியில் பார்த்துப் படமெடுத்த பிறகே மின்முனையைத் தொடுங்கள்.
4. வெளியே எடுத்து அளப்பதாக இருந்தால், எல்லாச் சிப்களுக்கும் ஒரே காத்திருப்பு நேரம். வெப்பநிலையை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் இன்குபேட்டருக்குள்ளேயே அளக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.
5. அளக்கும் வரிசையை மாற்றி மாற்றி அமையுங்கள். கன்ட்ரோல் சிப்களை எப்போதும் முதலில் அளந்தால், கடைசியில் வரும் மருந்துச் சிப்கள் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.
6. டீர் முதலில், சாயம் பிறகு, செல்லைச் சாகடித்துச் சாயமேற்றுவது கடைசியில்.
7. அன்றைய எண்களை அன்றே வரைபடமாக்குங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் குமிழ் இருந்ததா என்று யாருக்கும் நினைவிருக்காது.

கூட்டத்தில் எண்ணைச் சொல்லும் விதம்

எந்தச் சிப்பை ஒதுக்குவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி, மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ‘மூன்றாம் நாள் டீர் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் மருந்து கொடுக்க மாட்டோம்’ என்ற வரி, முடிவு வந்த பிறகு எழும் பஞ்சாயத்துகளைத் தவிர்க்கும். முடிவு பிடிக்காத சிப்பைப் பின்னால் நீக்கச் சொல்லும் அழுத்தம் எங்கும் வரும். அப்போது “சார், நம்ம விதிப்படி இந்தச் சிப் தகுதியானதுதான், நீக்கி ஒன்று, நீக்காமல் ஒன்று என்று இரண்டு வரைபடமும் தருகிறேன்” என்று சொல்லலாம். சண்டையும் இல்லை, சமரசமும் இல்லை.

எண்ணிக்கையிலும் நேர்மை வேண்டும். ஒரே நபரின் திசுவிலிருந்து ஆறு சிப், ஒவ்வொன்றிலும் மூன்று அளவை எடுத்தால், உங்களிடம் பதினெட்டு சான்று கிடையாது. ஒரு நபரைப் பற்றிய ஆறு சிப்தான் இருக்கிறது. 2022-இல் வெளியான எமுலேட் நிறுவனத்தின் கல்லீரல் சிப் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவதற்குக் காரணம் அதன் பரப்பு: 870 சிப், 27 மருந்துகள், கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைக் கண்டுபிடித்தது, பாதுகாப்பான எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. நெதர்லாந்தின் மிமெட்டாஸ் குழு 2017-இல் 357 குடல் குழாய்களின் தடுப்பைத் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்டது. மருந்துத் துறை இந்த எண்ணிக்கையைத்தான் எதிர்பார்க்கிறது. தானியங்கி அளவையும் நிரல் எழுதுவதும் தெரிந்தவர்களுக்கு இடம் அங்கிருந்து பிறக்கிறது.

செயற்கைச் சூழல் சோதனைகளுக்கான நல்ல நடைமுறை வழிகாட்டியை ஓ.இ.சி.டி. 2018-இல் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசம். நேர்காணலுக்கு முன் ஒருமுறை புரட்டுங்கள்.

சிப் இல்லாத கல்லூரியிலிருந்து எப்படித் தயாராவது?

பெரும்பாலான கல்லூரிகளில் உறுப்புச் சிப் இருக்காது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

*செல் இல்லாமல் ஒரு பயிற்சி.* எலெக்ட்ரானிக்ஸ் துறையில் எல்.சி.ஆர். மீட்டர் இருக்கும். 1,000 ஓம் தடையையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் பக்க இணைப்பில் கோத்து, அதனோடு 5,000 ஓம் தடையைத் தொடராகச் சேருங்கள். இதுதான் உங்கள் போலித் திசு: 5,000 ஓம் கால்வாய், 1,000 ஓம் தடுப்பு. அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போங்கள். தாழ்வில் 6,000 காட்டும், உயர்வில் 5,000-ஐ நோக்கி இறங்கும், 159 ஹெர்ட்ஸ் பக்கம் திருப்பம் தெரியும். பைத்தானில் அந்த வளைகோட்டைப் பொருத்தி 1,000-ஐத் திரும்பப் பெறுங்கள். பிறகு 5,000-ஐ 5,100 ஆக்கி, ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அளக்கிறவர் எப்படி ஏமாறுவார் என்று பாருங்கள். சில நூறு ரூபாய் கூட ஆகாத இந்தப் பயிற்சியை நேர்காணலில் விவரிக்க முடிந்தால், கேட்கிறவர் நாற்காலியில் நிமிர்வார்.

*செல்லோடு ஒரு பயிற்சி.* டிரான்ஸ்வெல் வசதியுள்ள ஆய்வகத்தில் புராஜெக்ட் கேளுங்கள். காக்கோ-2 செல்களை மூன்று வாரம் வளர்த்து, டீர் ஏறுவதைப் பதிவு செய்து, கடைசியில் லூசிஃபர் யெல்லோ ஓட்டினால் முழு வேலையின் சுருக்கம் கைக்கு வந்துவிடும். மருந்து நிறுவனங்களின் உறிஞ்சல் ஆய்வுப் பிரிவுகளும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களும் இதே காக்கோ-2 சோதனையைத்தான் அன்றாடம் செய்கின்றன. முதல் வேலை அங்கே கிடைத்தாலும் சிப் துறைக்கு அது நல்ல படிக்கட்டு.

*எங்கே தேடுவது?* பாஸ்டனில் எமுலேட், நெதர்லாந்தில் மிமெட்டாஸ், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சி.என். பயோ, பெர்லினில் டிஷ்யூஸ், ஃபுளோரிடாவில் ஹெஸ்பெரோஸ் ஆகியவை துறையில் அறியப்பட்ட பெயர்கள். ஐதராபாத்தில் சி.சி.எம்.பி.யின் அடல் இன்குபேஷன் மையத்தில், மனித உயிரியல் சார்ந்த மாதிரிகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. ஐ.ஐ.டி.களின் நுண்பாய்மக் குழுக்களையும் கவனியுங்கள். உயிரியல் மாணவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். மின்முனை வடிவமைக்க இன்ஸ்ட்ருமென்டேஷன், ஓட்டத்தைக் கணக்கிட மெக்கானிக்கல், தரவுக்கு நிரலாளர் என்று எல்லாரும் வேண்டும். செல் தெரிந்தவருக்கு மின்சுற்றும், மின்சுற்று தெரிந்தவருக்கு செல்லும் கொஞ்சம் தெரிந்தால் மதிப்பு கூடும்.

வேலையில் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொங்கல் விடுமுறையிலும் யாராவது மீடியம் மாற்ற வேண்டும். முறை வைத்து வருகிற குழுவா, கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுகிற குழுவா என்று நேர்காணலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம். ஊருக்குப் போகும்போது எந்தச் சிப், எந்த நாள், எவ்வளவு ஓட்டம், என்ன சந்தேகம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேர்காணலில் வரக்கூடிய மூன்று கேள்விகள்

*“டீர் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?”* மருந்தின் விளைவு என்று உடனே சொல்பவர் அங்கேயே வெளியேறுவார். வெப்பநிலை, மின்முனை, கன்ட்ரோல் சிப், நுண்ணோக்கி, சாயம் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

*“எங்கள் சிப்பின் டீரும் டிரான்ஸ்வெல்லின் டீரும் பொருந்தவில்லை. ஏன்?”* கால்வாயின் தடை, மின்னோட்டம் சமமாகப் பரவாமை, வளர்ப்புச் சூழலின் உண்மையான வேறுபாடு. முதல் இரண்டையும் விலக்கிய பிறகே மூன்றாவதைப் பேச வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*“எந்த எண்ணை நீங்கள் வெளியிட மாட்டீர்கள்?”* வெறும் சிப் அளவை இல்லாதது, தடுப்பை உடைக்கும் கன்ட்ரோல் வேலை செய்யாதது, அனுப்பிய மூலக்கூறில் பாதி எங்கே போனது என்று தெரியாதது.

கடைசியாக ரெஸ்யூமே. ‘டீர் அளவை தெரியும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது எல்லாரிடமும் இருக்கிறது. எந்தச் செல், எந்தக் கருவி, எத்தனை சிப் அல்லது கிணறு, எந்த விதியின்படி எத்தனையை ஒதுக்கினீர்கள், டீரும் சாயமும் ஒத்துப்போனதா என்று ஐந்தையும் இரண்டே வரியில் எழுதுங்கள். ஒதுக்கிய எண்ணிக்கையைத் தயங்காமல் எழுதுகிறவரையே அனுபவமுள்ள மேலாளர் முதலில் அழைப்பார்.